முறையான உடை

எங்கள் அப்பா ஒன்று சொல்வார் அண்ணா. போர்டு மாட்டுகிறவன் மாட்டிய கையோடு இறங்கிப் போய்விடக் கூடாது, கொஞ்ச நேரம் அதன் கீழேயே நின்று... நின்று என்னவோ செய்ய வேண்டும் என்பார். என்ன செய்ய வேண்டும் என்பதுதான் மறந்து போய்விட்டது. அவர் டூரிங் டாக்கீஸில் மேனேஜராக இருந்தவர். தரை, பெஞ்சு, சேர் என்று போர்டு மாட்டியே காலத்தை ஓட்டியவர். அக்காவைக் கேட்டால் மீதியைச் சொல்லிவிடுவாள். அப்பா பேசியது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவளிடம் போர்டைப் பற்றிப் பேச்செடுக்கிற நிலைமையில் நான் இல்லை.

உங்கள் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வரட்டும், பரவாயில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் போய் எனக்கு மட்டும் என்ன வேலை இருக்கிறது?

போர்டில் நாலு வரிதான். முதல் வரியும் மூன்றாவது வரியும் பழையபடியே. இரண்டாவது வரியில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும். நாலாவது வரி புதுசு. போன தடவை மாதிரியே மேலே தமிழ், கீழே இங்கிலீஷ். ஆமாம், அந்த நீல போர்டு நீங்கள் அடித்துக் கொடுத்ததுதான். தப்பு உங்களுடையது இல்லை. நீங்கள் ஒரு புள்ளிகூட விடவில்லை. எழுதிக் கொடுத்தது நான்.

எங்கள் அபார்ட்மெண்டில் என்னைச் செயலாளராகப் போட்டதே இந்த எழுத்துக்காகத்தான். இருபது வருஷம் மெல்போர்னில் இருந்துவிட்டு, போன வருஷம் திரும்பி வந்தேன். மகள் படிப்பு முடிகிற வரைக்கும் அவளும் அவள் அம்மாவும் அங்கே. நான் மட்டும் முன்னால் வந்து வீட்டைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பத்து வரைக்கும் தமிழில் படித்தேன், அப்புறம் இங்கிலீஷ். இரண்டு பாஷையும் தெரிந்த ஆள், சும்மாவும் இருக்கிற ஆள். அவர்கள் விடுவார்களா?

வந்ததும் முதல் பிரச்சினையே ஸ்விம்மிங் பூல்தான். ஒருத்தர் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்குவார். இன்னொருத்தர் பட்டாபட்டி அண்டர்வேரோடு லிஃப்டிலேயே வருவார். அந்த லிஃப்டில் பொம்பளைப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போவார்கள். பெண்களில் பாதிப்பேர் நைட்டி மேல் ஒரு துண்டு. பருத்தித் துணி ஊறி, நூல் பிரிந்து, ஃபில்டரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைத் திறந்தால் பஞ்சு மூட்டை மாதிரி வரும். நான் ஒன்றும் நாகரிகம் பேசவில்லை அண்ணா. உள்ளபடியே அது தேவையான விதி. அதை இன்றைக்கும் சொல்வேன்.

இங்கிலீஷில் சுலபம். 'ப்ராப்பர் ஸ்விம்வேர் கம்பல்சரி.' முடிந்தது. தமிழில் நான் முதலில் எழுதினது 'நீச்சல் உடை கட்டாயம்' என்றுதான். எங்கள் பிரசிடெண்ட் விஸ்வநாதன் சார் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன சார் இது, வாரப் பத்திரிகை நடுப்பக்கம் மாதிரி இருக்கு? குடும்பம் நடத்துற இடத்துல நீச்சல் உடைன்னு எழுதி மாட்டுனா பெரியவங்க என்ன நினைப்பாங்க? கொஞ்சம் டீசன்டா எழுதுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதும் சரிதான். தமிழில் அந்த வார்த்தையைச் சொன்னாலே நடிகை ஞாபகம்தான் வருகிறது. ப்ராப்பர் என்றால் முறையான. 'முறையான உடை கட்டாயம்.' கேட்கவும் கௌரவமாக இருந்தது. நீங்கள்கூட அன்றைக்கு நல்லா இருக்குதுங்க என்று சொன்னீர்கள்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரே போர்டு. இங்கிலீஷ் படிக்கிறவனை அவிழ்த்துவிட்டு வா என்கிறது, தமிழ் படிக்கிறவனை நன்றாக உடுத்திக்கொண்டு வா என்கிறது. எழுதினவன் ஒரே ஆள்.

அக்கா போர்டு படிக்கிறவள் அண்ணா. அவளை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். ராஜாமணி என்று பேர். கோபியில் மாவு மில் வைத்திருக்கிறாள். மாமா போன பிறகு அவளேதான் நடத்துகிறாள். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வழியெல்லாம் வாய்விட்டுப் படிப்பாள். 'ஸ்ரீ அம்மன் ஹார்டுவேர்ஸ். வாகனங்களை இங்கே நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கப்படும்.' சின்ன வயசில் எனக்கு அவமானமாக இருக்கும், முன் சீட்டுக்குப் போய்விடுவேன். இங்கிலீஷ் போர்டு வந்தால் மட்டும் தாண்டிவிடுவாள். ஏங்க்கா என்றால், "அது அவங்களுக்குடா" என்பாள். வருத்தமாகச் சொல்ல மாட்டாள். அடுத்த வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த மாதிரிச் சொல்வாள்.

இரண்டு முட்டியும் அவளுக்குத் தேய்ந்துவிட்டது. மில்லில் நின்று நின்றுதான். தண்ணீருக்குள்ளே நடந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோபியில் எங்கே போய் நடப்பாள், வாய்க்காலிலா? நான்தான் கூப்பிட்டேன். எங்கள் அபார்ட்மெண்டிலேயே குளம் இருக்கிறது, ஒரு மாசம் இருந்துவிட்டுப் போ என்றேன். மில்லை மருமகளிடம் விட்டுவிட்டு வந்தாள். வந்த அன்றைக்கே சமையலுக்கு வருகிற அம்மாவை நிறுத்திவிட்டோம். அக்காவுக்கு அடுத்தவர் கை வைத்தால் பிடிக்காது. என் சட்டையெல்லாம் அவளே துவைத்து, அவளே தேய்த்து வைத்தாள். நல்ல சாப்பாடு அண்ணா, பொய் சொல்லக் கூடாது. இருபது வருஷத்துக்குப் பிறகு அப்படிச் சாப்பிட்டேன்.

குளத்துக்கு முதலில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். மத்தியானமாகப் பார்த்துக் கூட்டிப் போனேன். அந்த நேரத்தில் அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது. அவளுக்குக் கூச்சமாக இருக்குமே என்று.

வாசலிலேயே நின்றுவிட்டாள். போர்டு. வாய்விட்டுப் படித்தாள். "குளத்தில் இறங்கும் முன் குளிக்கவும். முறையான உடை கட்டாயம். சிறுவர்கள் பெரியவர்களுடன் வரவும்." படித்துவிட்டு, "குளத்துக்கு வர்றதுக்கு முன்னால குளிச்சுட்டு வரோணுமா? அப்புறம் குளம் எதுக்குடா?" என்று சிரித்தாள். அன்றைக்கு இறங்கவில்லை. படியில் உட்கார்ந்து சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு காலை மட்டும் தண்ணீரில் விட்டாள். அப்புறம், "கால் இருக்கறதே தெரியலடா தம்பி" என்றாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். அது நிஜம். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

"முறையான உடைன்னா எப்படிடா?" என்று அப்போதே கேட்டாள். எனக்கு மெல்போர்னிலிருந்து போன். மகள். "டீசன்டா இருந்தாப் போதும்க்கா" என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டேன். அவசரத்தில் சொன்னதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பூல் பம்ப் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் வருவார், அதற்குள் பார்த்துவிடலாம் என்று நானும் விஸ்வநாதன் சாரும் ஆழமான பக்கத்தில் பம்ப் ரூம் ஓரமாக நின்றிருந்தோம். ஞாயிறு என்றால் எல்லாக் குடும்பமும் கீழேதான். டவர் பி பெண்கள், குழந்தைகள், வந்த விருந்தாளிகள். நான் என்னுடைய நீச்சல் டிரவுசரில், கழுத்தில் பெரிய துண்டோடு. தூக்கிக் காட்டுகிற உடம்பு இல்லை என்றாலும், விதி போட்டவன் விதிப்படிதானே நிற்க வேண்டும்?

அக்கா வந்தாள். தானாகவே வந்தாள். எப்படி வந்தாள் தெரியுமா? என் கிரகப்பிரவேசத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் பட்டுச் சேலை. தோளில் மடிப்பு வைத்துப் பின் குத்தி, தலையை இழுத்து வாரிக் கொண்டை போட்டு, நெற்றியில் விபூதி. குளித்துவிட்டு வேறு வந்திருக்கிறாள், முதல் வரி அப்படித்தானே சொல்கிறது! நம்ம பக்கம் முறை என்றால் என்ன அண்ணா? சீர் முறை, செய்முறை, மாமன் முறை. முறையாக வா என்றால் விசேஷத்துக்கு வருகிற மாதிரி வா என்று அர்த்தம். அவள் அப்படித்தான் வந்தாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். முட்டிக்கு மேல் தண்ணீர் ஏறியதும் சேலை காற்றுப் பிடித்துக் குடை மாதிரி மேலே எழும்பியது. ஒரு கையால் அமுக்குகிறாள், அந்தப் பக்கம் எழும்புகிறது. அமுக்கிக்கொண்டே இரண்டு எட்டு நடந்தாள். சிரித்தாள். அவள் சிரிக்கிறாள் என்று பிள்ளைகளும் சிரித்தன. பிறகு பெரியவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறே.

லைஃப்கார்டு சந்துரு விசில் ஊதினார். அவர் வேலை அது. நான்தான் சொல்லி வைத்திருந்தேன், யாராக இருந்தாலும் ஊது என்று. அக்கா திரும்பிப் பார்த்தாள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கிற மாதிரி. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

விஸ்வநாதன் சார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரு சார் அந்தம்மா? யாரு வீடு?" என்றார்.

நான், "விசாரிக்கிறேன் சார்" என்றேன்.

செயலாளர்கள் அப்படித்தான் சொல்வார்கள் அண்ணா. பைப் உடைந்தாலும் விசாரிக்கிறேன், நாய் குரைத்தாலும் விசாரிக்கிறேன். வாயில் அதுதான் முதலில் வரும். அக்காவுக்குக் கேட்டிருக்காது. பம்ப் சத்தத்தில் ஒன்றுமே கேட்காது.

என்ன? ஆமாம். பம்ப் ஓடவில்லை என்றுதான் சொன்னேன். சரி.

சந்துரு கரையோரமாகப் போய் மரியாதையாகத்தான் கேட்டார். நம்ம ஊர்ப் பையன், விருந்தாளி என்றெல்லாம் வாயில் வராது. "அம்மா, இந்தத் துணியோட இறங்கக் கூடாதுங்க. எந்த வீட்டுக்கு ஒரம்பரை வந்திருக்கீங்க?" என்றார். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் மூஞ்சி ஒரே சாடை. யாராவது அந்த நேரத்தில் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்திருந்தால் போதும். அவளே கண்ணை என்னிடமிருந்து எடுத்தாள். அப்புறம் சந்துருவிடம் சொன்னாள்:

"ஒரம்பரை இல்லீங்க. வேலைக்கு வந்தனுங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவள் பொய் சொல்கிறவளே கிடையாது.

மேலே ஏறி வந்தாள். பட்டு நனைந்தால் எப்படி இருக்கும், உடம்போடு ஒட்டிக்கொண்டு... வேண்டாம், விடுங்கள். அத்தனை பேர். துண்டா? துண்டு என் கழுத்தில்தான் கிடந்தது. கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் யாரென்று கேட்பார்கள். அப்போதுதானே விசாரிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்? செடிகளுக்கு அந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, சேலை மேல் போட்டிருப்பார்களே நீலச் சட்டை, அதைக் கழற்றி அக்கா மேல் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நீலச் சட்டையோடு பார்த்தவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. சர்வீஸ் லிஃப்டில் ஏற்றி அனுப்பினார்கள்.

மெல்போர்னுக்குப் போன புதுசில் எனக்கே இப்படி நடந்திருக்கிறது. பொதுக் குளம், நான் காட்டன் டிரவுசரில் போய் நிற்கிறேன். கவுண்டரில் இருந்த பெண் சத்தமே போடவில்லை. பக்கத்தில் வந்து, என்னோடு வா என்று தனியாகக் கூட்டிப்போய், யாரோ விட்டுப்போன டிரவுசர் ஒன்றைத் துவைத்து வைத்திருந்தாள், எடுத்துக் கொடுத்தாள். ஒரு ஆளுக்குத் தெரியாது. அங்கேயெல்லாம் விதி என்றால் அவ்வளவு ஒழுங்கு. அதனால்தான் நான் இங்கேயும் விதி, விதி என்று அடித்துக்கொள்கிறேன்.

எலக்ட்ரீஷியன் வந்து போன பிறகுதான் மேலே போனேன். உடனே போனால் நன்றாக இருக்காது. அக்கா துணி மாற்றிவிட்டு அடுப்படியில் நிற்கிறாள். பால்கனியில் பட்டுச் சேலை தொங்குகிறது, சொட்டிக்கொண்டு. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "தோசை முறுகலா வேணுமா, மெத்துனு வேணுமா?" என்றாள். முறுகல் என்றேன். சாப்பிட்டேன். பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, "ஏஞ்சாமி, அந்த போர்டுல முறையான உடைன்னு போட்டிருக்குதே, அது ஆரு எழுதுனது?" என்றாள்.

"நாந்தான்க்கா."

"எழுத்து நல்லா இருக்குது" என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மறுநாள் விடிந்ததும் மில்லில் பெல்ட் அறுந்துவிட்டதாம் என்று கிளம்பிவிட்டாள். நீலச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்து, "அந்தப் புள்ளைகிட்டக் குடுத்துரு கண்ணு" என்று கொடுத்துவிட்டுப் போனாள். இதோ, ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கிறது. கொடுக்க வேண்டும். தினமும் பார்க்கிறேன் அந்த அம்மாவை. கொடுத்தால் ஏதாவது கேட்பாளோ என்றுதான்.

நாலாவது வரிக்கு வருகிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் விஸ்வநாதன் சார் இதையே முதல் விஷயமாக எடுத்தார். "வேலைக்கு வர்றவங்கள்லாம் இறங்க ஆரம்பிச்சுட்டா நம்ம புள்ளைங்க எங்க போறது? யாரு வீட்டு ஆளுன்னே இன்னும் தெரியல. செக்ரட்டரி சார், விசாரிச்சீங்களா?" விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். இனிமேல் வேலையாட்களுக்குக் குளத்தில் அனுமதி இல்லை என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும்... செயலாளர் தூக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

வரியை எழுதினதும் நான்தான். வேலைக்காரர்கள் என்று அவர்கள் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டேன். 'வீட்டுப் பணியாளர்கள்' என்று மாற்றினேன். 'வீட்டுப் பணியாளர்களுக்குக் குளத்தில் அனுமதி இல்லை.' அந்த அளவுக்காவது மரியாதை இருக்க வேண்டாமா?

அவர்களிடம் சொல்லிவிடலாம்தான். நீங்கள் சொல்வது புரிகிறது அண்ணா. அது எங்க அக்கா சார் என்று ஒரு வார்த்தை. படுத்தால் அந்த வார்த்தைதான் வந்து நிற்கிறது. இத்தனை நாள் கழித்துச் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பார்கள். அதை எழுத எனக்கு எந்தப் பாஷையிலும் வரவில்லை.

பிரச்சினை என்னவென்றால், நேற்று அக்கா போன் செய்தாள். எதுவுமே நடக்காத மாதிரிப் பேசுகிறாள். டாக்டர் திட்டினாராம். "முட்டி நெம்பக் கடுக்குது தம்பி. மறுக்கா வரட்டுமா? இந்த வாட்டி கரெக்டாப் போட்டுட்டு வர்றேன். என்ன துணின்னு மட்டும் சொல்லு, இங்க கெடைக்குதான்னு பாக்கறேன்" என்றாள். வாங்கக்கா என்றேன். வேறென்ன சொல்வது? கை, கால் எல்லாம் மூடின மாதிரிக்கூட இப்போது கிடைக்கிறது, லைக்ரா என்று இழுபடுகிற துணியில். நானே வாங்கி வைத்துவிட்டேன். வர்ற வாரம் வருகிறாள்.

வந்தால் வாசலில் நிற்பாள். புது போர்டு. தமிழ் எழுத்து ஒன்றையும் விட மாட்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படிப்பாள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது. வந்துவிட்டதா? சரி, ஆன் பண்ணுங்கள். முதல் வரி அப்படியே. இரண்டாவது வரியில் 'முறையான உடை'யை எடுத்துவிட்டு 'நைலான் அல்லது லைக்ராவில் தைத்த குளியல் உடை' என்று போடுங்கள். மூன்றாவது வரி அப்படியே.

நாலாவது வரி இங்கிலீஷில் மட்டும் போதும்.